ஓட்டையில் பிறந்த சூடு

1774-ஆம் வருஷம். லண்டனில் ஜார்ஜ் ஃபோர்டைஸ் என்ற மருத்துவர் சில அறைகளைச் சூடேற்றி வைத்துவிட்டு, அறிஞர் நண்பர்களை உள்ளே வரச்சொன்னார். கேப்டன் குக்கின் கப்பலில் உலகைச் சுற்றிவந்த ஜோசப் பேங்க்ஸ் வந்தார். அதே கப்பலில் போய்வந்த சோலாண்டரும் வந்தார். நடந்ததை எழுதிவைத்தவர் சார்லஸ் பிளாக்டன். ஒவ்வொரு தடவையும் சூட்டை ஏற்றிக்கொண்டே போனார்கள். கடைசியில் வெப்பமானி 260 ஃபாரன்ஹீட்டைக் காட்டியது; செல்சியஸில் 127. தண்ணீர் கொதிக்கிற சூட்டையும் தாண்டியாயிற்று. அந்த அறைக்குள் பிளாக்டன் எட்டு நிமிடம் நின்றார். உள்ளே தகரத் தட்டில் வைத்த முட்டைகள் இருபதே நிமிடத்தில் கெட்டியாக வெந்தன. மாட்டிறைச்சித் துண்டு அளவுக்கு மீறி வெந்து காய்ந்துபோனது. பாதம் சுட்டுவிடக் கூடாதே என்று கூடையில் உட்காரவைத்துக் கொண்டுபோன நாயும் பிழைத்துக்கொண்டது. உள்ளே போய்வந்த மனிதர்களின் உடம்புச் சூடோ ஏறக்குறைய பழையபடியே இருந்தது.

இறைச்சி வெந்த அறையில் மனிதர் வேகவில்லை. இன்று இதற்கு நமக்கு விடை தெரியும்: உலர்ந்த காற்றில் வியர்வை சட்டென்று ஆவியாகி, உடம்பின் சூட்டையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. அன்று இது பெரிய அதிசயம். ஆனால் சூட்டைக் கழிக்கும் வித்தை பிற்பாடு வந்தது. கழிக்கிற அளவுக்குச் சூடு உடம்பில் எங்கிருந்து வருகிறது என்பதுதான் முதல் கேள்வி.

அதற்கான முதல் நல்ல விடை பாரிஸில், பனிக்கட்டிக்கு நடுவில் கிடைத்தது. 1782-83 குளிர்காலத்தில் வேதியியலாளர் லாவாசியேவும் கணிதமேதை லாப்லாஸும் ஒரு விசித்திரப் பாத்திரம் செய்தார்கள். நடுவில் கூடை, அதைச் சுற்றிப் பனிக்கட்டி, அறையின் சூடு உள்ளே வராமல் தடுக்க வெளியே இன்னொரு சுற்றுப் பனிக்கட்டி. கூடைக்குள் ஒரு கினிப்பன்றி. பத்து மணி நேரத்தில் அதன் உடம்புச் சூடு 13 அவுன்ஸ் பனியை உருக்கியது. பிறகு அது வெளிவிட்ட கரியமில வாயுவை அளந்தார்கள். அதே அளவு வாயு வருமளவுக்குக் கரியை எரித்தால் எவ்வளவு பனி உருகும் என்று பார்த்தார்கள். இரண்டும் அச்சாகப் பொருந்தவில்லை, ஆனால் பக்கத்தில் வந்தன. மூச்சு என்பது மெல்ல எரிவது என்று லாவாசியே முடிவுகட்டினார். பதினோரு வருஷம் கழித்துப் புரட்சிக்காரர்கள் அவர் தலையை வெட்டினார்கள், கணக்கு பிழைத்துக்கொண்டது.

ஆனால் அந்தக் கணக்கு ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. மூச்சு விடாத பிராணி எது? ஓணானும்தான் மூச்சு விடுகிறது, பூச்சியைத் தின்று செரிக்கிறது, உடம்புக்குள் எரிக்கிறது. வேலிமேல் வெயில் காயும் ஓணானைப் பிடித்து அளந்தால் அதன் உடம்பு நம் உடம்பளவுக்குச் சூடாகவே இருக்கும். சூரியன் மறைந்தால்தான் வித்தியாசம் தெரியும். ஓணான் ஆறிப்போகும், எலி ஆறாது. ஏன்?

ஆஸ்திரேலியாவின் வொல்லங்காங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் எல்ஸ், டோனி ஹல்பர்ட் என்ற இருவரும் இந்தக் கேள்வியை நேரடியாகப் பிடித்தார்கள். 1981-இல் வெளிவந்த ஆய்வில் அவர்கள் எடுத்துக்கொண்டது ஒரு சுண்டெலி, ஓர் ஓணான். நம் ஊர் ஓணானின் குடும்பத்தைச் சேர்ந்த பாலைவன ஓணான் அது. இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே எடை. ஓணானை 37 டிகிரியில் வைத்து, சூட்டிலும் இரண்டையும் சமமாக்கினார்கள். அப்படியும் எலி பல மடங்கு அதிகமாக ஆக்சிஜனைச் செலவழித்தது. ஆக, எலி சூடாக இருப்பதால் அதிகம் எரிக்கவில்லை. அதிகம் எரிப்பதால் சூடாக இருக்கிறது. எலியின் ஈரல், சிறுநீரகம், மூளை, இதயம் எல்லாம் ஓணானுடையதைவிடப் பெரியவை. செல்லுக்குள் உணவை எரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களும் அதிகம். பின்னாளில் தோண்டத் தோண்ட இன்னொன்றும் தெரிந்தது: எலியின் செல்களைச் சுற்றியுள்ள சவ்வு ஒழுகுகிறது.

வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது என்று வையுங்கள். அளவு குறையாமல் இருக்க மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். கரண்ட் பில் எகிறும், மோட்டாரும் சூடாகும். செல்லின் கதையும் இதுதான். வெளியிலுள்ள சோடியம் சவ்வு வழியே உள்ளே கசிகிறது, சவ்விலிருக்கும் பம்புகள் அதை ஓயாமல் வெளியே தள்ளுகின்றன. ஓணானின் சவ்விலும் கசிவு உண்டு, எலியின் சவ்வில் அது பல மடங்கு. மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளும் இதே கூத்து. அங்கே உணவை எரிக்கும் சக்தியைக் கொண்டு புரோட்டான்களைச் சவ்வுக்கு அப்பால் தள்ளிவைக்கிறது செல். அவை ஒரு குறிப்பிட்ட வாசல் வழியாகத் திரும்பி வந்தால் செல்லுக்கு வேண்டிய ஆற்றல் நாணயமான ஏடிபி கிடைக்கும். வாசலை விட்டுச் சந்து வழியாக நழுவி வந்தால் ஒன்றும் கிடைக்காது, வெறும் சூடுதான். சும்மா படுத்திருக்கும் எலி இழுக்கும் ஆக்சிஜனில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு இந்தச் சந்துக் கசிவுக்கே போகிறது.

ஆகவே வெப்ப ரத்தப் பிராணி என்பது திறமையான எந்திரம் அல்ல. வீணடிக்கிற எந்திரம். வீணாவதுதான் சூடு. ஒரே எடையுள்ள ஊர்வனவற்றோடு ஒப்பிட்டால் பாலூட்டி ஓய்வாக இருக்கும்போதே ஐந்து முதல் பத்து மடங்கு அதிகம் செலவழிக்கிறது. முதலை மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். மூஞ்சூறுக்கு ஒரு நாள் சாப்பாடு இல்லாவிட்டால் ஆபத்து. நம் வீட்டு மூஞ்சூறின் பேரினத்திலேயே இரண்டு கிராம் எடையுள்ள ஒன்று இருக்கிறது, உலகிலேயே எடை குறைந்த பாலூட்டிகளில் ஒன்று. அதன் இதயம் நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் அடிக்கும். அத்தனையும் தீனி தேடி எரிப்பதற்கே.

வீணடிப்பதற்கென்றே ஒரு உறுப்பும் உண்டு. பிறந்த குழந்தையின் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் கழுத்தைச் சுற்றியும் பழுப்புக் கொழுப்பு இருக்கும். அதன் மைட்டோகாண்ட்ரியாவில் யுசிபி-1 என்ற புரதம் வேண்டுமென்றே ஓட்டை போட்டு, புரோட்டான்களைச் சந்து வழியாகவே அனுப்புகிறது. கைக்குழந்தை குளிரில் நம்மைப்போல் நடுங்குவதில்லை. இந்தக் கொழுப்பு எரிந்து காப்பாற்றுகிறது. பன்றி இந்த மரபணுவைச் சுமார் 2 கோடி வருஷங்களுக்கு முன்பே தொலைத்துவிட்டது. அதனால்தான் பன்றிக்குட்டி நடுங்கும், பண்ணைகளில் குட்டிகளுக்கு மேலே விளக்கு கட்டித் தொங்கவிடுகிறார்கள்.

இவ்வளவு செலவு வைக்கிற ஒன்று எப்படிப் பிறந்தது? பரிணாமம் ஊதாரிகளை விட்டுவைப்பதில்லை. லாபம் எங்கோ இருந்திருக்கவேண்டும்.

'சூடாக இருப்பது நல்லது, அதனால் வந்தது' என்பது முதலில் தோன்றும் விடை. சூட்டில் நொதிகள் வேகமாக வேலை செய்யும், இரவிலும் குளிரிலும் இரை தேடலாம், எல்லாம் சரி. ஆனால் இந்த வசதி முழுதாக வந்தபின் கிடைப்பது. பாதி வழியில் நிற்கும் பிராணிக்கு என்ன கிடைக்கும்? கொஞ்சம் அதிகமாக எரித்தால், உடம்பில் ரோமமோ இறகோ இல்லாத நிலையில் அந்தச் சூடு நிற்காமல் காற்றில் போய்விடும். சரி, ரோமம் முதலில் வந்தது என்றால்? 1950களில் ரேமண்ட் கவுல்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைச் சோதிக்கப் பல்லிகளுக்கு ரோமத்தோலில் குட்டிச் சட்டை தைத்துப் போட்டுப் பார்த்தார். வெயிலில் அவை சூடேறத் தாமதமானதுதான் மிச்சம். உள்ளே அடுப்பு இல்லாதவனுக்குக் கம்பளி வெயிலைத்தான் மறைக்கும். அறிவியலில் இப்படி ஒரு தையல் வேலை நடந்திருக்கிறது என்பதற்காகவே எனக்குக் கவுல்ஸைப் பிடிக்கும்.

1979-இல் ஆல்பர்ட் பென்னட், ஜான் ரூபன் என்ற இருவர் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். சூடு நோக்கமே இல்லை, அது பக்கவிளைவு என்றார்கள். ஓணானைத் துரத்திய சிறுவர்களுக்கு அவர்கள் சொல்வது உடனே விளங்கும். முதல் ஓட்டம் மின்னல். இரண்டாவது ஓட்டம் சுமார். நாலைந்து தடவைக்குப் பின் கையில் அகப்பட்டுவிடும். அதன் வேகம் ஆக்சிஜன் இல்லாமல் எரிக்கும் வேகம், சீக்கிரம் தீர்ந்துவிடும். எலியோ நாயோ அப்படி இல்லை, ஆக்சிஜனைத் தொடர்ந்து இழுத்து நீண்ட நேரம் ஓடும். துரத்தும் வாழ்க்கையிலும் தப்பிக்கும் வாழ்க்கையிலும் தாக்குப்பிடிப்பவன் பிழைப்பான். தாக்குப்பிடிக்கப் பெரிய நுரையீரல், வலுவான இதயம், நிறைய மைட்டோகாண்ட்ரியா வேண்டும். இத்தனையையும் வைத்துக்கொண்டால் சும்மா இருக்கும்போதும் பராமரிப்புச் செலவு ஏறும். அந்தச் செலவுதான் சூடு. இந்தக் கணக்கில் பாதி வழி பிராணிக்கும் பாதி லாபம் உண்டு, கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடித்தாலும் கொஞ்சம் கூடுதலாகப் பிழைக்கும்.

இதிலும் ஓர் இடறல் இருக்கிறது. ஓடுவது தசை. ஓய்வில் சூட்டைத் தருவது பெரும்பாலும் ஈரல், குடல், சிறுநீரகம், மூளை. தசை வலுப்பெற்றால் ஈரல் ஏன் கூடுதலாக எரியவேண்டும்? 2000-ஆவது வருஷம் இந்த இடறலைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் தனித்தனியே எழுதினார்கள்: அமெரிக்காவில் காலீன் ஃபார்மர், போலந்தில் பாவெல் கோடேயா. இருவரும் காட்டிய திசை ஒன்றுதான்: பிள்ளை வளர்ப்பு. கரு சீரான சூட்டில் வளர்ந்தால் சீக்கிரம் வளரும், ஊனமில்லாமல் வளரும் என்றார் ஃபார்மர். குட்டிகளுக்கு இரை சுமந்து, அதைச் செரித்துப் பாலாகவோ வேறு உணவாகவோ மாற்ற, பெரிய குடலும் ஈரலும் தேவைப்பட்டன, அவைதான் அடுப்பாயின என்றார் கோடேயா.

இதற்குச் சாட்சி சொல்ல ஒரு பாம்பு இருக்கிறது, அதுவும் நம் காடுகளில் உள்ள மலைப்பாம்பு இனம். முட்டையிட்ட பெண் மலைப்பாம்பு முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு படுத்துக்கொள்ளும். இந்தியாவில் சுற்றிய லமார்-பிக்கோ என்ற பிரெஞ்சுக்காரர், அந்தப் பாம்பு தன் முட்டைகளை உடம்புச் சூட்டால் அடைகாக்கிறது என்று 1830களில் எழுதியபோது பாரிஸ் அறிஞர்கள் நம்பவில்லை. பாம்பாவது, சூடாவது! 1841-இல் பாரிஸ் உயிர்க்காட்சிச் சாலையிலேயே ஒரு மலைப்பாம்பு முட்டையிட்டது. வலான்சியென் என்பவர் வெப்பமானியைச் செருகிப் பார்த்தார். பாம்பு சூடாகத்தான் இருந்தது. 1966-இல் நியூயார்க்கில் அடைகாக்கும் மலைப்பாம்பின் மூச்சையும் அளந்து காரணத்தைக் கண்டுகொண்டார்கள். சுற்றுச்சூழல் 33 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அதன் தசைகள் விட்டுவிட்டு வெட்டி இழுக்கின்றன. குளிர் கூடக்கூட வெட்டும் கூடுகிறது. நாம் நடுங்குகிறோமே, அதேதான். முட்டை பொரிந்ததும் நடுக்கம் நின்றுவிடும், தாய் மறுபடி வழக்கமான குளிர் ரத்தப் பாம்பாகிவிடும். தென் அமெரிக்காவின் டேகு என்ற பெரிய பல்லியும் இப்படி ஒரு வேலை செய்கிறது. இனப்பெருக்கக் காலத்தில் மட்டும் விடியற்காலையில் அதன் உடம்பு வளையின் சூட்டைவிடப் பத்து டிகிரி வரை கூடுதலாக இருப்பதை 2016-இல் கிளென் டேட்டர்சால் குழு வெளியிட்டது. நடுக்கம்கூட இல்லாமல்.

எனக்கென்னவோ பிள்ளை வளர்ப்புக் கட்சிதான் வலுவாகப் படுகிறது. ஓட்டக் கட்சியைத் தள்ளவும் முடியாது, இரை பிடிக்கத் தெம்பில்லாத தாய் எதைக் கொண்டுவந்து கொடுப்பாள்?

மூன்றாவதாக ஒரு கட்சி, பூஞ்சைக் கட்சி. ஆர்த்துரோ காசடெவால் என்ற நுண்ணுயிர் ஆய்வாளருடையது. பூஞ்சைகளில் பெரும்பாலானவை 37 டிகிரியில் வளர முடியாதவை. 30 டிகிரியிலிருந்து 40 வரை ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் சுமார் ஆறு சதவீதப் பூஞ்சை வகைகள் கழன்றுகொள்கின்றன என்று அவரும் சக ஆய்வாளர் ஒருவரும் 2009-இல் காட்டினார்கள். தவளைகளையும் பயிர்களையும் பூஞ்சை வாரிக்கொண்டு போகிறது, பாலூட்டிகளை அந்த அளவுக்குத் தொடுவதில்லை. வட அமெரிக்காவில் 2006 முதல் வௌவால்களைக் கூட்டங்கூட்டமாகக் கொல்லும் வெண்மூக்கு நோயும் ஒரு பூஞ்சைதான். குளிர்கால உறக்கத்தில் வௌவால் தன் உடம்பைக் குளிரவிட்டிருக்கும் நேரம் பார்த்துத்தான் அது தாக்குகிறது. சூடு பிறந்ததற்கு இதுவே காரணம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. பிறந்த சூடு நிலைத்ததற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

எப்போது பிறந்தது என்பது இன்னும் ருசியான விஷயம். புதைபடிவத்துக்கு வெப்பமானி வைக்க முடியாதே! ஆய்வாளர்கள் சுற்றுவழிகள் கண்டுபிடித்தார்கள். ஒன்று மூக்கு. ஓயாமல் மூச்சு விடும் பிராணி ஒவ்வொரு மூச்சிலும் நீரை இழக்கும். அதைத் தடுக்கப் பாலூட்டிகளின் மூக்குக்குள் சுருள் சுருளான மெல்லிய எலும்புகள் உண்டு. வெளியேறும் காற்றை அவை குளிர்வித்து ஈரத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அந்தச் சுருள்கள் மண்ணில் நொறுங்கிவிடும், ஆனால் அவை ஒட்டியிருந்த வரம்புகள் மண்டையோட்டில் தங்கும். 1990களில் வில்லெம் ஹில்லெனியஸ் இந்த வரம்புகளைப் பாலூட்டிகளின் மூதாதையர் வரிசையில் தேடி, 25 கோடி வருஷத்துக்கு முந்தைய மண்டையோடுகளிலேயே அடையாளம் காட்டினார்.

இரண்டாவது வழி எலும்பிலும் பல்லிலும் உள்ள ஆக்சிஜன். அதன் கனமான வகையும் லேசான வகையும் எந்த விகிதத்தில் சேரும் என்பது உடம்புச் சூட்டைப் பொறுத்தது. 2017-இல் கெவின் ரே குழு இப்படி அளந்து, பாலூட்டிக் கிளையின் இரண்டு தனித்தனிக் குடும்பங்களில் சூடு ஏறியிருந்ததாகச் சொன்னது. ஒன்று நம் நேரடி மூதாதையரின் கூட்டம். மற்றது, பன்றி மாதிரி உடம்பும் ஆமை மாதிரி அலகும் கொண்ட டைசைனோடான்ட்கள். அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த லிஸ்ட்ரோசாரஸின் எலும்புகள் தென்னாப்பிரிக்காவின் கரூ வறள்நிலத்திலும் அண்டார்க்டிகாவிலும் கிடைக்கின்றன. நம் தாமோதர் பள்ளத்தாக்கின் பாஞ்செத் பாறைகளிலும் கிடைக்கின்றன. கண்டங்கள் ஒட்டியிருந்தன என்பதற்குப் பள்ளிப் பாடத்தில் வரும் அதே பிராணி. 25 கோடியே 20 லட்சம் வருஷத்துக்கு முன் உலக உயிரினங்களில் பெரும்பகுதி அழிந்த பேரழிவைத் தாண்டி வந்தவர்களில் ஒருவர்.

மூன்றாவது வழியைக் கேட்டபோது இதைக் கண்டுபிடித்தவர்களுக்கு எழுந்து நின்று கைதட்டலாம் என்று தோன்றியது. உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. தலை திரும்பும்போது அவற்றுள் இருக்கும் திரவம் அசைந்து, தலை எந்தப் பக்கம் போகிறது என்று மூளைக்குச் சொல்லும். உடம்பு சூடானால் திரவம் இளகி நீர்த்துவிடும். அப்புறம் பழைய குழாயே இருந்தால் கணக்கு தப்பும், தலை சுற்றும். அதனால் சூடான பிராணியின் குழாய் சிறுத்து மெலியவேண்டும். காது எலும்பு கெட்டியானது, நன்றாகவே புதைபடிவமாகிறது. ரிக்கார்டோ அராவுஜோவும் ரோமேன் டேவிடும் தங்கள் குழுவோடு ஏராளமான காதுகளை எக்ஸ்-ரே ஸ்கேனில் அளந்து 2022-இல் விடை சொன்னார்கள்: குழாய்கள் திடீரென்று சிறுத்தது சுமார் 23 கோடியே 30 லட்சம் வருஷத்துக்கு முன். உடம்புச் சூடு ஐந்து முதல் ஒன்பது டிகிரி வரை ஏறியது. அதற்குப் பிடித்தது பத்து லட்சம் வருஷத்துக்கும் குறைவு. பாறைகளின் நாட்காட்டியில் அது ஒரு நொடி.

கதை இங்கே முடிந்திருந்தால் சௌகரியம். ஆனால் வேல்ஸ் நாட்டில் கிடைத்த மோர்கனுகோடான் என்ற மூஞ்சூறளவுப் பிராணி குறுக்கே வருகிறது. இருபது கோடி வருஷத்துக்கு முந்தையது, முதல் பாலூட்டிகளில் ஒன்று என்று எல்லாப் பாடநூலும் சொல்வது. மரத்துக்கு ஆண்டு வளையம் போலப் பல்வேரின் மேலும் வருஷத்துக்கு ஒரு படிவு விழும். 2020-இல் அதை எண்ணிப் பார்த்தால் சில மோர்கனுகோடான்கள் பதினான்கு வருஷம் வரை வாழ்ந்திருக்கின்றன. இந்த அளவுள்ள இன்றைய பாலூட்டி இரண்டு மூன்று வருஷத்தில் எரிந்து தீர்ந்துவிடும். அப்படியானால் மோர்கனுகோடானின் உடம்பு ஊர்வன போல மெதுவாகவே ஓடியிருக்கவேண்டும். காது சூடு என்கிறது, பல் நிதானம் என்கிறது. எந்தச் சாட்சி பொய்? இரண்டும் மெய்யாக இருக்கலாம் என்பது என் கட்சி. ரோமம் வந்து சூட்டைப் பிடித்து வைத்தது ஒரு கட்டம், செலவு முழு வேகத்துக்கு ஏறியது வேறொரு கட்டம். மூக்கு, காது, ரோமம், ஈரல் எல்லாம் ஒரே நாளில் கூடிப் பேசி மாறவில்லை.

இவ்வளவும் ஒரு கிளையின் கதைதான். பறவையின் சூடு வேறு பிறப்பு. நமக்கும் பறவைக்கும் பொதுவான பாட்டன் சுமார் 32 கோடி வருஷத்துக்கு முன் வாழ்ந்த, பல்லி போன்ற குளிர்ந்த பிராணி. அங்கிருந்து பிரிந்த டைனோசர் கிளை தன் வழியில் தானே சூடேறியது. 1964-இல் ஜான் ஆஸ்ட்ரம் மொண்டானாவில் டைனோனிகஸைக் கண்டெடுத்து, இவ்வளவு துடியான வேட்டைக்காரன் மந்தமான பல்லியாக இருந்திருக்க முடியாது என்றார். அவருடைய மாணவர் ராபர்ட் பேக்கர் அதை ஊரெல்லாம் பறைசாற்றினார். 1996-இல் சீனாவின் லியாவ்னிங்கில் இறகுத்தூவல் போர்த்திய சைனோசாரோப்டெரிக்ஸ் வெளிப்பட்டபின் கேலி செய்தவர்கள் அடங்கினார்கள். இந்தக் கிளையின் இயந்திரமும் வேறு. பறவைகளுக்கு யுசிபி-1 கிடையாது. சூட்டுக்குத் தசையையே நம்புகின்றன. ஆனாலும் நம்மைவிட மூன்று நான்கு டிகிரி கூடுதலாக, 40-ஐத் தாண்டி ஓடுகின்றன. இன்னொரு வேடிக்கை, முதலைக்கு நம்மைப்போல நான்கு அறை இதயம். மந்தமாகக் கிடக்கும் பிராணிக்கு அது எதற்கு? முதலையின் மூதாதை சூடான பிராணியாக இருந்து, தண்ணீரில் பதுங்கும் வாழ்க்கைக்கு வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டது என்று ரோஜர் சீமோர் 2004-இல் வாதிட்டார்.

மீன்களில் சூடு தனியாகவே பிறந்திருக்கிறது, ஒரு தடவைக்கு மேல். முதலில் அளந்து சொன்னவர்களில் ஒருவர் ஜான் டேவி, சுரங்க விளக்கு செய்த ஹம்ப்ரி டேவியின் தம்பி. இலங்கையில் ஆங்கிலேயப் படை மருத்துவராக இருந்தவர், கையில் அகப்பட்ட பிராணிக்கெல்லாம் வெப்பமானி வைத்துப் பார்த்தவர். 1835-இல் அவர் வெளியிட்ட கணக்கின்படி கடல்நீர் 80.5 ஃபாரன்ஹீட் இருந்தபோது ஒரு சூரை மீனின் உடம்பு 99. மனிதச் சூடு! மாலத்தீவில் மாசிக் கருவாடாகிறதே, அதே சூரைதான். சூரையை அறுத்தால் முதுகெலும்பை ஒட்டி ரத்தக்கட்டி போலக் கருஞ்சிவப்புச் சதை தெரியும். ஓயாமல் நீந்தும் தசை அது. அங்கிருந்து சூடாக வெளியேறும் ரத்தக் குழாய்களும் செவுளிலிருந்து குளிர்ந்து வரும் குழாய்களும் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கின்றன. சூடு ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவி, கடலுக்குப் போகாமல் உள்ளேயே திரும்பிவிடும். சூரைக்கு இதயம் மட்டும் கடல்சூட்டில்தான் இருக்கும். அதையும் சூடாக்கிக்கொண்ட மீன் ஓப்பா. 2015-இல் நிக்கோலஸ் வெக்னர் குழு கண்டதுபோல அது அந்தப் பின்னலைச் செவுளிலேயே வைத்திருக்கிறது.

பிராணிகளோடு நில்லாமல் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தாமரை மலரும் தன்னைச் சூடாக்கிக்கொள்ளும். அடிலெய்ட் தாவரவியல் பூங்காவில் காற்று பத்து டிகிரிக்கு இறங்கியபோதும் பூவின் உள்ளே 30-லிருந்து 36 வரை இருந்ததாக சீமோரும் ஷூல்ட்ஸ-மோட்டலும் 1996-இல் எழுதினார்கள். மகரந்தம் சேர்க்க வரும் வண்டுகளுக்கு அது சூடான சத்திரம்.

இத்தனை தடவை பிறந்த ஒன்று எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. முட்டையிடும் பாலூட்டியான எக்கிட்னாவின் உடம்பு சுமார் 32 டிகிரி. அது நினைத்தால் இன்னும் குளிரவிட்டுக் கிடக்கும். மடகாஸ்கரின் டென்ரெக் வெப்பமண்டலத்திலேயே ஒன்பது மாதம் வரை உறங்குவதைப் பாரி லவ்குரோவ் குழு 2014-இல் பதிவு செய்தது. அடுப்பை அணைக்கவும் மூட்டவும் தெரிந்த இவைதான் மூதாதையருக்கு நெருக்கமான மாதிரி என்பது அவர் வாதம். தேன்சிட்டு போன்ற அளவுள்ள ஹம்மிங்பறவை பல ராத்திரிகளில் அணைத்து விடிந்ததும் மூட்டுகிறது. சதா ஒரே சூட்டில் எரிவது எல்லாப் பாலூட்டிக்கும் விதிக்கப்பட்ட சட்டம் அல்ல.

மனிதருக்கும் அப்படி ஒரு சட்டம் கிடையாது. 37 என்ற எண்ணைத் தந்தவர் லைப்சிக் நகர மருத்துவர் கார்ல் வுண்டர்லிக். சுமார் 25,000 நோயாளிகளின் அக்குளில் அளந்து 1868-இல் அவர் வெளியிட்ட சராசரி அது. நம் ஊரில் 98.4 என்று சொல்லிப் பழகிவிட்டோம். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர்க் காலத்து வீரர்கள் முதல் இன்றுவரையிலான பதிவுகளை ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2020-இல் ஒப்பிட்டபோது, தலைமுறைக்குத் தலைமுறை சராசரி இறங்கிவந்திருப்பது தெரிந்தது. ஒரே ஆளின் உடம்பிலும் விடியற்காலையில் குறைந்து மாலையில் ஏறும், அரை டிகிரி வரை. அதனால் காய்ச்சல் இல்லாத ஒரு நாளில் காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் உங்கள் சூட்டை அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கும் அளந்து வையுங்கள், வயதானவர்களின் உடம்பு பெரும்பாலும் இன்னும் குறைவான சூட்டில் ஓடும். அவர்களுக்கு 98.4 என்பதே சில சமயம் காய்ச்சலின் தொடக்கமாக இருக்கும். டாக்டரிடம் போகும்போது பழைய எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள்.